பிரஸ் ஷாப் காது

சென்னகிருஷ்ணனுக்குக் காது நன்றாகக் கேட்கும். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ஓசூர் சிப்காட்டில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனி. அங்கே பிரஸ் ஷாப்பில் அவருக்குப் பதினாறு வருட சர்வீஸ். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை மிஷின் இரைச்சலில் இரண்டு காதும் அடைத்து, உள்ளே வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டார், வண்டு போய்விட்டது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் அவர் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருந்தார். காது கேட்காத புருஷனிடம் யாரும் வேலை சொல்வதில்லை. வண்டு போன சேதியை அவர் வீட்டில் சொல்லவே இல்லை.

அன்றிலிருந்து மோட்டாரை நிறுத்தச் சொன்னால் கேட்காது. சிலிண்டர் புக் பண்ணச் சொன்னால் கேட்காது. அடுப்படியில் முறுக்கு டப்பாவின் மூடியைத் திறந்தால் மட்டும் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார். கேட்டால் வாசனை வந்தது என்பார். கம்பெனியில் வருடா வருடம் காது டெஸ்ட் எடுப்பார்கள். எல்லா வருடமும் முழு மார்க். அந்த ரிப்போர்ட்டெல்லாம் கம்பெனி லாக்கரில் பத்திரமாகத் தூங்கின.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. அவர் மனைவி ஜெயப்ரியா பால்கனியில் நின்று எதிர்வீட்டுத் தமிழ்செல்வியோடு பேசுவதையெல்லாம் சோபாவில் சாய்ந்தபடியே கேட்கலாம். பெரும்பாலும் அவரைப் பற்றிய நல்ல வார்த்தைகள்தான். "வாய்விட்டுச் சொல்ல மாட்டாருக்கா, ஆனா எங்கம்மா மேல அவருக்கு உசிரு" என்று ஒருநாள் சொன்னாள். சென்னகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே ராயக்கோட்டைக்குப் போய் மாமியாரை அழைத்துவந்து கண் ஆபரேஷன் செய்து வைத்தார். இப்படித்தான் கிரைண்டர் வந்தது. இப்படித்தான் சனிக்கிழமைச் சீட்டாட்டம் நின்றது. சொல்லாமலே செய்கிற புருஷன் என்று தெருவில் அவருக்குப் பெயர்.

ஆனால் நடிப்பு லேசுப்பட்ட வேலை இல்லை. கம்பெனியிலாவது வாரம் ஒருநாள் லீவு உண்டு. இதற்கு அதுவும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தால்கூடத் திடுக்கிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஏழு வருடத்தில் மனிதர் களைத்துப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி டாக்டர், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடங்கள் என்றார். சென்னகிருஷ்ணனுக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. ஒயர் இல்லாமல் காதுக்குள் மாட்டுகிற இயர்பட்ஸ் ஒன்று வாங்கிவிட்டால்? நடக்கும்போது பாட்டு கேட்கலாம். வீட்டிலும் மாட்டிக்கொண்டே உட்காரலாம். காதில் ஒன்று மாட்டியிருக்கிற ஆளிடம் எவனும் எதுவும் எதிர்பார்க்க மாட்டான். நடிக்கவே வேண்டாம்.

"நடக்கறப்ப பாட்டு கேக்கலாம்னு இருக்கறன். காதுல மாட்றது ஒண்ணு வாங்கணும்" என்றார்.

"உங்களுக்குத்தான் காது கேக்காதே!" என்று ஜெயப்ரியா வழக்கம்போல் முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

"வெளியிலிருந்து வந்தா கேக்காது. உள்ளயே வச்சா கேக்கும்."

ஜெயப்ரியா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகவும், நல்லதாகப் பார்த்து வாங்கலாம் என்றும் சொன்னாள். இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறாளே என்று அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

பாகலூர் ரோட்டில் தங்கதுரையின் மொபைல் கடை. தங்கதுரை நாகர்கோவில் பக்கத்து ஆள். ஓசூருக்கு வந்து இருபது வருடத்தில் கன்னடமும் தெலுங்கும் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டன. தமிழ் மட்டும் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. எதற்கு வேண்டும் என்று கேட்டார். நடக்க, ஓட, வீட்டில் சும்மா உட்கார என்று ஜெயப்ரியாவே பதில் சொன்னாள். 'சும்மா உட்கார' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது.

"மாட்டிட்டு நாலு குதி குதிச்சுப் பாருங்க அண்ணாச்சி. விழாம நிக்கணும்லா?"

நாற்பத்தாறு வயதில், தொப்பையோடு, நடுக்கடையில் சென்னகிருஷ்ணன் குதித்தார். முதல் ஜோடி இரண்டாவது குதியிலேயே பறந்துபோய் சார்ஜர் குவியலுக்குள் விழுந்தது. இரண்டாவதற்கு ரப்பர் முனையைச் சின்னது, நடுத்தரம், பெரிது என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒன்று வழுக்கியது, ஒன்று வலித்தது. மூன்றாவது காதைச் சுற்றிக் கொக்கி போட்ட ரகம். எவ்வளவு குதித்தும் அசையவில்லை. வியர்வை பட்டாலும் கெடாதாம். ஒரு தட்டு தட்டினால் வெளிச்சத்தம் மொத்தமாக அடைபடும். சென்னகிருஷ்ணன் அந்த நொடியே மனதுக்குள் அதை வாங்கிவிட்டார்.

லாரி போகிற ரோட்டில் காதை அடைத்துக்கொண்டு நடந்தால் என்ன ஆவது என்று ஜெயப்ரியா கேட்டாள். இரண்டு தட்டு தட்டினால் வெளிச்சத்தம் உள்ளே வரும் என்றார் தங்கதுரை. அவளுக்கும் திருப்தி. எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

"அண்ணா, இவருக்குக் காது மந்தம். அதுக்குத் தகுந்த மாதிரி சத்தத்த மாத்த முடியுங்களா?"

தங்கதுரையின் முகம் மலர்ந்தது. இதோடு வருகிற ஆப்பிலேயே காது டெஸ்ட் இருக்கிறது, சின்னதாக ஒரு சத்தம் வரும், கேட்டால் போனைத் தொட வேண்டும், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்.

சென்னகிருஷ்ணனுக்கு வியர்த்தது. உண்மை வெளியே வந்தால் ஏழு வருடத்து வேலையும் மொத்தமாகத் தலையில் வந்து விழும். சத்தம் ஒவ்வொன்றாக வந்தது. கொசு மாதிரி ஒன்று. கேட்டது, தொடவில்லை. கொசுவின் குட்டி மாதிரி ஒன்று. அதுவும் கேட்டது, தொடவில்லை. மரியாதைக்கு மூன்று முறை மட்டும் தொட்டார். திரையில் வந்த முடிவைப் பார்த்துத் தங்கதுரை உச்சுக்கொட்டினார்.

"சவுண்ட முழுசா வச்சுருங்கண்ணா. அப்பதான் அவருக்குக் கேக்கும்" என்றாள் ஜெயப்ரியா.

பாட்டு ஆரம்பித்தது. நானூறு டன் பிரஸ் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் இறங்கியது. சென்னகிருஷ்ணன் அரையடி எம்பி, இரண்டையும் பிடுங்கி எறிந்து, போன் கவர் தொங்கிய ஸ்டாண்டையும் தள்ளிவிட்டார். ஜெயப்ரியா குனிந்து கவர்களைப் பொறுக்கினாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூனைக்குக்கூடக் கேட்காத குரலில், "பாத்து, கண்ணாடி ஒடைஞ்சு கெடக்குது" என்றாள்.

"கண்ணாடியா? எங்க?" என்று காலைத் தூக்கினார் சென்னகிருஷ்ணன்.

தங்கதுரை மின்விசிறியை ஆராய்ந்தார். கண்ணாடியும் எங்கும் உடைந்திருக்கவில்லை.

"டெஸ்ட்ட மறுபடி வைங்கண்ணா" என்றாள் ஜெயப்ரியா. இந்த முறை அவர் எல்லாவற்றுக்கும் தொட்டார். இரண்டு காதும் இருபது வயதுக் காது என்றது ஆப்.

வண்டியில் வீடு திரும்பும் வரை இடி எப்போது விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. கோபமா என்று தானே கேட்டார். காது நன்றாக இருந்தால் தனக்குச் சந்தோஷம்தானே என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இனிமேல் அவள் எந்த வேலை சொன்னாலும் உடனே செய்வது என்று கெலமங்கலம் ரோடு திரும்பும்போது சபதம் எடுத்தார். அவளோ ஒரு வேலையும் சொல்லவில்லை.

சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்து இயர்பட்ஸை மாட்டினார். ஒரு தட்டு. உலகம் அடங்கியது. பாட்டு மட்டும். ஏழு வருடத்தில் முதல்முறையாக நடிக்காமல் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தபோது நெஞ்சு லேசானது. அப்போது ஜெயப்ரியா பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுவது தெரிந்தது. தன் மானம்தான் அங்கே போய்க்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்? இரண்டு தட்டு தட்டினார்.

"இல்லக்கா, எனக்குக் கோவமே வரல. ஏழு வருசம் நடிக்கறதுன்னா சும்மாவா? பாவம், எவ்ளோ செரமப்பட்டிருப்பாரு. மனசு தங்கங்கா. கட்டில் மேல துணி மலையாட்டம் கெடக்குது, நான் ஒரு வார்த்த சொல்லல. அவரே மடிச்சு வச்சுருவாரு பாரு."

சென்னகிருஷ்ணன் பாட்டை நிறுத்தினார். இப்படி ஒருத்தியையா ஏமாற்றினோம்? எழுந்து போனார். சேலை, யூனிபாரம், பனியன் என்று ஒவ்வொன்றாக நீவி நீவி மடித்தார். அலமாரியில் அடுக்கினார். கொடியில் இன்னும் ஏதாவது காய்கிறதா என்று பார்க்கப் பால்கனிக்கு வந்தார்.

எதிர்வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. தமிழ்செல்வி குடும்பத்தோடு சாமல்பட்டிக் கல்யாணத்துக்குப் போய் மூன்று நாளாகிறது. ஜெயப்ரியாவின் கையில் போனும் இல்லை. சென்னகிருஷ்ணனுக்கு மாமியாரின் கண் ஞாபகம் வந்தது, கிரைண்டர் ஞாபகம் வந்தது, சீட்டாட்டம் ஞாபகம் வந்தது.

ஜெயப்ரியா திரும்பவில்லை. பூட்டிய கதவைப் பார்த்தபடியே, கடையில் பேசிய அதே மெல்லிய குரலில் சொன்னாள்.

"போர்வை மட்டும் பாக்கிக்கா. அதையும் மடிச்சுருவாரு."

சென்னகிருஷ்ணன் உள்ளே போய்ப் போர்வையை எடுத்தார்.