ரோஸ் சுவர் ஆபீஸ்

எங்கள் ஊரில் நான் வேலை வெட்டி இல்லாதவன். ஒன்றாம் தேதி பிறந்தால் டாண் என்று சம்பளம் வருகிறது. இருந்தாலும் வேலை வெட்டி இல்லாதவன். ஏனென்றால் வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். நைனார்பாளையத்தில் ஒரு ஆண்பிள்ளை காலையில் வயலில் இறங்க வேண்டும், இல்லை பஸ்ஸில் ஏற வேண்டும். இரண்டும் செய்யாதவன் தண்டச்சோறு.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. கட்டில் மேல் நான், தலையணை மேல் லேப்டாப், முதுகுக்குப் பின்னால் மக்காச்சோள மூட்டை. எதிர்வீட்டு இருசம்மாக்கா தினம் ஒருமுறை ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்.

"இன்னா கொளஞ்சி, வேலை ஒண்ணும் அமையலையா?"

"வேலைதாங்கா பாத்துக்கினு இருக்கேன்."

"பாரு, பாரு. பாத்துக்கினே இரு. கெடைக்காமயா பூடும்?"

எரிச்சலாக இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்கள்!

இந்த லட்சணத்தில் எங்கள் மேனேஜர் ஷாலினி மேடம் ஒரு குண்டு போட்டார். திங்கட்கிழமை முதல் மீட்டிங்கில் எல்லோரும் கேமராவைப் போட்டே ஆக வேண்டுமாம். "பின்னாடி மூட்டை, கொடியில காயற துணியெல்லாம் தெரியக் கூடாது. பாக்க ஆபீஸ் மாதிரி இருக்கணும்" என்றார். என்னைத்தான் சொன்னார்.

அன்றே சபதம் எடுத்தேன். தெருப்பக்கத்து அறையை ஆபீஸாக்குவது. வெறும் ஆபீஸ் இல்லை, கலர் கலராக, என் ரசனை சொட்டச் சொட்ட ஓர் ஆபீஸ். செலவு ஐயாயிரத்தைத் தாண்டக் கூடாது. ஷாலினி மேடமும் அசர வேண்டும், இருசம்மாக்காவும் வாயடைக்க வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். அந்த அறையை என் மனைவி செந்தமிழ்ச்செல்வி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், பிளவுஸ் தைக்கும் கடை போட. "வாசல்ல கடை போட்டா என் கௌரவம் இன்னாவறது?" என்று நானும் இரண்டு வருஷமாகத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். ஆகவே அவள் கேட்கக்கூடிய ஏழு கேள்விகளுக்கும் பதில் தயார் செய்துகொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"செல்வி, அந்த ரூமை ஆபீஸாக்கலாம்னு இருக்கேன்."

"ஆக்குங்க."

"இல்ல, நீ கடைக்குன்னு…"

"உங்க வேலைதாங்க முக்கியம். எடுத்துக்குங்க."

ஏழு பதில்களும் வீணாய்ப் போயின. பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் எதற்கும் இப்படி உடனே தலையாட்டியதில்லை. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமை வந்தது.

முதலில் பெயிண்ட். சின்னசேலம் கடையிலிருந்து கலர் அட்டையை வாங்கிவந்து விரித்தேன்.

"ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு. எடுப்பா இருக்கும்ல?"

"அய்யய்ய! கட்சி ஆபீஸுன்னு நெனச்சிக்கினு காலையிலயே பென்சன் மனுவோட வந்து நிப்பாங்க."

"சரி, பச்சையும் வெள்ளையும்?"

"அதுவும் கட்சிதான்."

"நீலமும் சிவப்பும்?"

"அது சங்கம். போன வருசம் ரோட்டுல மறியல் பண்ணாங்களே, அவுங்க."

"காவி?"

"ஏங்க, ஊர்ல நிம்மதியா இருக்கறது உங்களுக்குப் புடிக்கலையா?"

தமிழ்நாட்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கலர் அடிக்க ஒரு மனிதனுக்கு உரிமை இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. வானவில்லையே ஆளுக்கு ஒரு துண்டாகப் பட்டா போட்டுக்கொண்டுவிட்டார்கள். அட்டையைத் தூக்கி எறிந்தேன். "இன்னாதான் மிச்சம் இருக்கு? நீயே சொல்லித் தொலை!"

செல்வி நிதானமாக அட்டையை எடுத்தாள். தேடக்கூட இல்லை, விரல் நேராகப் போய் நின்றது.

"ரோஸும் ஊதாவும். இந்த ரெண்டுக்கும் இன்னும் யாரும் கட்சி ஆரம்பிக்கல. கேமராவுல மொகமும் பளிச்சுன்னு தெரியும்."

என் முகம் பளிச்சென்று தெரியும் என்று யாராவது சொன்னால் நான் எதற்கும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். கூலிக்கு ஆள் வைத்தால் செலவு ஜாஸ்தி என்று மூன்று நாள் நானே அடித்தேன். காது வரைக்கும் ரோஸ்.

அடுத்து மேஜை. "புதுசு எதுக்கு? எங்கம்மா வூட்ல குடுத்த தையல் மெஷினு சும்மாதானே கெடக்குது? மெஷினைக் கீழ மடக்கிட்டா மேல பலகைதான். கால் வெச்சிக்கப் பெடல் வேற." மேஜைச் செலவு மிச்சம். நானே தூக்கிவந்து ஜன்னலோரம் போட்டேன்.

மூடப்பட்ட சலூன் ஒன்றிலிருந்து ஆள் உயரக் கண்ணாடி மலிவாக வந்தது. "மீட்டிங்குக்கு முன்னால சட்டையை ஒரு தரம் பாத்துக்கலாம் இல்ல?" மூலையில் அவளுடைய பழைய பட்டுப்புடவையால் ஒரு திரை. "அழகுக்குங்க." சுவர் முழுக்க ஆணி. "ஹெட்செட் மாட்டிக்க." என்னிடம் ஒரு ஹெட்செட்தான் இருக்கிறது. முப்பது ஆணி அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அறை ஜொலித்தது. இதை நாலு பேருக்குக் காட்டாமல் இருப்பதா?

"திங்கக்கெழமை ஒம்பதரைக்கு நல்ல நேரம்" என்றாள் செல்வி. "ரிப்பன் வெட்டித் தொறந்துடலாம். அப்பால யாராச்சும் உங்களை வேலை இல்லாதவன்னு சொல்லட்டும், பாக்கலாம்."

அந்த வார்த்தையில் நான் உருகிப்போனேன். தெருத்தெருவாகப் போய் அழைத்தேன். போன இடமெல்லாம், "தெரியுமே, செல்வி சொல்லிடுச்சி" என்றார்கள். புருஷன் மேல் இவ்வளவு பெருமையா இவளுக்கு என்று கண்கூடக் கலங்கியது.

திங்கட்கிழமை. பத்து மணிக்கு மீட்டிங். ஒன்பதரைக்கு வாசலில் ஐம்பது பேர். ஐம்பதில் நாற்பத்தைந்து பெண்கள். திருக்கோவிலூரிலிருந்து மாமனார் தாம்பாளத்தோடு வந்திருந்தார். நான் கஞ்சி போட்ட சட்டையில் ரிப்பனை வெட்டினேன். கைதட்டல்! நிலைக்கு மேல், அலங்காரம் என்று நான் நினைத்திருந்த துணியை மாமனார் விலக்கினார். போர்டு பளபளத்தது. ரோஸும் ஊதாவும்.

'செல்வி பிளவுஸ் கார்னர். பெண்களுக்கு மட்டும்.'

செல்வியை ஓரமாக இழுத்தேன்.

"இன்னா இது?"

"கடைங்க."

"நான் தொறந்தது என் ஆபீஸு!"

"மெதுவா பேசுங்க. ஊரே பாத்துச்சி, கத்திரிக்கோல் புடிச்சது நீங்கதான். புருசன் கையால தொறந்தா ராசின்னு அப்பா பூரிச்சிப் போய்க் கெடக்கறாரு."

"மூடு! இப்பவே மூடு!"

"வெளக்கு ஏத்தின கடையை அன்னிக்கே மூடறதா? நீங்களே போய் அப்பாகிட்ட சொல்லுங்க."

மாமனாரைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பள, எம் பொண்ணு மனசு உங்களுக்குத்தான் புரிஞ்சிது" என்று கண்ணைத் துடைத்தார். பல்லைக் காட்டினேன்.

உள்ளே திரைக்குப் பின்னால் அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்ணாடி முன்னால் ஒரு வரிசை. மடக்கிய மெஷின் நிமிர்ந்து கடகடவென்று ஓடியது. நான் வாசற்படியில் காலை வைத்ததும் "ஆம்பளை! ஆம்பளை!" என்று ஒரே கூச்சல்.

"செல்வி, மணி பத்தாவுது! என் லேப்டாப்!"

லேப்டாப் ஜன்னல் வழியாக வந்தது. பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வாசல் வழியாக. ஜன்னலுக்கு அடியில், நாற்பது ஜோடிச் செருப்புக்கு நடுவில் உட்கார்ந்து கேமராவைப் போட்டேன். என் தலைக்குப் பின்னால் ஜன்னல் கம்பி நெடுக மாதிரி பிளவுஸ்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

திரையில் பதினாறு முகங்கள். ஷாலினி மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னையே உற்றுப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"கொளஞ்சியப்பன்…"

"மேடம்!"

"கொஞ்சம் கேமராவை விட்டு நகருங்களேன், அந்த மயில்கழுத்துக் கலர் பிளவுஸை மறைக்கிறீங்க."