பப்பாசிக்குப் பிறகு

"தொண்டை கட்டிப்போச்சு அத்தான்" என்று ஸ்ரீபன் கழுத்தில் சுற்றிய துவாயைக் காட்டினான்.

"சோறு இறங்குது. பாட்டு மட்டும் ஏறாதோ?" என்றான் யாகப்பு.

தொண்டையில் ஒன்றுமில்லை. கலியாண வீடு, றேடியோ என்று வருடக்கணக்காக 'பப்பாசிப் பெட்டை' என்ற ஒரே துள்ளிசைப் பாட்டைப் பாடி அலுத்து, இனி வாயே திறப்பதில்லை என்று கொழும்பை விட்டு நாயாற்றுக்கு, அக்கா புனிதமலர் வீட்டுக்கு, வந்திருந்தான் ஸ்ரீபன். அக்கா புருசன் யாகப்பு சம்மாட்டி, ஆட்கள் கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்குச் சொந்தக்காரன். வலை இழுப்பவர்களுக்கு அம்பாப் பாட்டுப் பாடுகிறவர் மடு மாதா திருவிழாவுக்குப் போய்விட்டார். அம்பா இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு நேரம் இழுப்பார்கள், வலை வராது.

"பாடுறன். ஆனால் பப்பாசி இல்லை. நான் ஆரெண்டும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

"அந்தோனியார் ஆணை, மச்சான்."

மோசமாகப் பாடினால் அவர்களாகவே தன்னை விட்டுவிடுவார்கள் என்று ஸ்ரீபன் கணக்குப் போட்டான். கயிற்றருகே நின்று கொட்டாவியோடு தொடங்கினான்.

"அலுப்பு வருகுதடா..."

"ஏலேலோ!" என்றது கரை.

"ஆரடா என்னைக் கூப்பிட்டது..."

"ஏலேலோ!"

பாட்டு ஆடி அசைந்து போனது. கயிறும் அப்படியே வந்தது. ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. வலை நிறையச் சாளை மீன்.

அடுத்த நாள் சம்மாட்டியையே திட்டிப் பாடினான்.

"சம்மாட்டி தந்த பழஞ்சோறு, சாளை கூடத் தின்னாது..."

இழுத்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் கயிற்றை விடவில்லை.

"நல்லாத் திட்டு மச்சான்! இண்டைக்கு இன்னொருக்கா வலை போடுவமெண்டு அவங்களே கேக்கிறாங்கள்" என்றான் யாகப்பு.

கடைசியாகக் காய்ச்சல் என்று படுத்தான். பாயோடு தூக்கிவந்து கரையில் வைத்தார்கள். அவன் முனகினான். அந்த முனகலையே பின்பாட்டாக எடுத்துக்கொண்டு இழுத்தார்கள்.

இரண்டு கிழமையில் முல்லைத்தீவிலிருந்து கலியாண வீட்டார் வந்துவிட்டார்கள்.

"முனகல் பாட்டுக்காரன் எங்கை? எங்களுக்கு அவர்தான் வேணும்."

"தம்பி, நீ பின்பக்கத்தாலை போ" என்றாள் புனிதமலர்.

"வந்த ஆக்களை நான் பாத்துக்கொள்ளுறன். ஆணையிட்டனான் எல்லோ?" என்றான் யாகப்பு.

வவுனியா பஸ்ஸில் யன்னலோரம் கிடைத்தது. புதுக்குடியிருப்பு தாண்டும்போது ஸ்ரீபன் திடுக்கிட்டான். யாரும் கேட்காமல் அவன் வாய் பாடிக்கொண்டிருந்தது. அலுப்புப் பாட்டுத்தான், ஆனால் அலுக்கவில்லை. பப்பாசிக்கு முந்தி, ஏதோவொரு காலத்தில் அப்படி இருந்தது. கொழும்புக்குப் போனதும் முதல் வேலை, இதை இசைத்தட்டில் போடுவது.

கொண்டக்டரும் கம்பியில் தட்டி அதையே முனகினார்.

ஸ்ரீபன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "தம்பி, அந்தப் பாட்டு ஆரின்ரை பாட்டெண்டு தெரியுமோ? என்..."

கொண்டக்டர் அவனை உற்றுப் பார்த்தார்.

"நாயாற்று யாகப்புச் சம்மாட்டி கட்டின பாட்டெல்லோ! போன கிழமை கேட்டதுக்கு அவரே சொன்னவர். நீங்கள் பப்பாசிப் பெட்டை ஸ்ரீபன்தானே? குறை நினையாதேங்கோ அண்ணை, உங்களுக்கு உது வராது."