“களைப்புக்குக் காரணம்” கட்டத்தில் என் பெயர்

சரக்கு விமானிகளின் களைப்பு மனுக்களைப் படிக்கிற ஹாலிஸ் ஐயா அவர்களுக்கு, லூயிவில்லிலிருந்து கர்ட்டிஸின் பாட்டி வெர்னா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சுகம். நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்.

கர்ட்டிஸ் வேலைக்கு வராத அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், பேரன் கர்ட்டிஸ், என் நாத்தனார் எர்லீன், பாஸ்டர் டில்மன், வேலிக்கு அந்தப் பக்கம் ஹோபர்ட்டும் அவனுடைய புல்வெட்டும் மிஷினும். இத்தனை பேர் இருக்க, உங்கள் காகிதத்தில் “களைப்புக்குக் காரணம்” என்ற கட்டத்தில் கர்ட்டிஸ் “பாட்டி” என்று மட்டும் எழுதியிருக்கிறான். வருகிற திங்கள் முதல் விமான நிலையத்துத் தூங்கும் அறையிலேயே படுத்துக்கொள்வானாம். வீட்டிலேயே தூங்கு என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். ராத்திரியெல்லாம் பெட்டி ஏற்றிப் பறந்துவிட்டுக் காலை ஏழுக்கு வந்தான், வெளிச்சம் வராமல் ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டினான், படுத்தான். ஒன்பதுக்கு ஹோபர்ட் மிஷினைக் கிளப்பினான், நான் வேலியில் நின்று “அடேய், புள்ள தூங்குறான், நிறுத்துடா” என்று கத்தினேன், அது ஹோபர்ட் காதில் விழவில்லை, கர்ட்டிஸ் காதில் விழுந்துவிட்டது. மறுபடி படுத்தான். சர்ச் முடிந்து எர்லீன் பீன்ஸ் சட்டியோடும் பாஸ்டரோடும் வந்தாள். 1969-ல் என் கல்யாணத்துக்கு, மணப்பெண்ணான எனக்குப் போட்டியாகத் தானும் வெள்ளைக் கவுன் போட்டு வந்தவள் இவள். “பட்டப்பகல்ல தூங்குறானே அண்ணி, வேல போயிருச்சா?” என்றாள். “ராத்திரி வேலடி” என்றேன். “எல்லா வீட்லயும் அப்படித்தான் சொல்லிக்கிறாங்க” என்றாள். சொன்னதோடு நிற்காமல், வேலையில்லாத பிள்ளைக்கு ஜெபம் பண்ணுங்கள் என்று பாஸ்டரை உள்ளே கூட்டிப் போனாள். ஜெபம் என்றால் நான் மறுக்க முடியுமா, நானும் போனேன். கண் திறந்த கர்ட்டிஸ், மூன்று பேர் தன் தலையில் கை வைத்துக் கண்மூடி நிற்பதைப் பார்த்து, “நான் செத்துட்டேனா?” என்றான். சாயங்காலம் உங்களுக்குப் போன் பண்ணி, களைப்பாக இருக்கிறது, இன்றைக்கு ஓட்ட மாட்டேன் என்றுவிட்டான்.

விதியை அவனே படித்துக் காட்டினான், எனக்குத்தான் விளங்கவில்லை. ஆட்களை ஏற்றுகிற விமானிக்குப் பத்து மணி நேரம் ஓய்வாம், பெட்டி ஏற்றுகிறவனுக்கு எட்டே போதுமாம். பெட்டிக்குத் தூக்கம் வராது, சரி. ஓட்டுகிறவனுமா பெட்டி? ஓய்வில் இருக்கும்போது கம்பெனி போனை எடுக்க வேண்டியதில்லையாம். பாட்டி கூப்பிடக் கூடாது என்று எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது?

மணிக்கொரு தரம் போய் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன், உண்மைதான். என் வீட்டுக்காரர் ராத்திரி லாரி ஓட்டியவர். ஒருநாள் விடிகாலை வந்து படுத்தார். பாவம், அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிட்டேன். நாலு மணிக்கு எழுப்பினேன். எழவில்லை. அந்தத் தூங்கும் அறையில் மூக்கில் விரல் வைக்க யார் இருக்கிறார்கள் ஐயா?

கர்த்தர் உங்கள் படுக்கையையும் விழிப்பையும் காக்கட்டும்.

வெர்னா

பி.கு.: உங்கள் விலாசம் தெரியாததால், பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த கர்ட்டிஸை எழுப்பிக் கேட்டேன். சொன்னான். பிறகு தலையணையையும் கார் சாவியையும் எடுத்துக்கொண்டு, “திங்கக்கெழம வரைக்கும் எதுக்குப் பாட்டி காத்திருக்கணும்” என்று போய்விட்டான். உங்களிடம் நேரில் பேசாதே, கடிதமாகப் போடு என்று எனக்கு யோசனை சொன்னவள் ஒருத்தி. ஹோபர்ட்டை மன்னித்துவிட்டேன், பாஸ்டரையும் மன்னித்துவிட்டேன். எர்லீனை மன்னிக்க மாட்டேன்.