புதன்கிழமைக் கொடி

இந்தப் புதன்கிழமை டாக்னியை வீட்டை விட்டு நகர விடுவதில்லை என்று சபதம் எடுத்தேன். டாக்னி என் மனைவி. சபதத்தை அவள் காதில் விழாமல்தான் எடுத்தேன்.

புதன் மதியமானால் ஊர் மன்றத்தில் பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் போடுவார்கள். மகளைக் கொடுக்க மாட்டேன் என்று சத்திரக்காரர் குதிப்பார். தபால்காரர் சைக்கிளோடு குட்டையில் விழுவார். கடைசியில் பகையாளிகள் எல்லாரும் தோட்டத்தில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். அந்தப் படங்களில் யாருமே தனியாக இருப்பதில்லை. எனக்கும் அவை உயிர்தான். ஆனால் ஒருநாள் ஊரார் முன்னால், "இதையெல்லாம் மனுஷன் பார்ப்பானா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். பிறகு எந்த முகத்தோடு போவது? அவள் அங்கே சிரிப்பாள். நான் இங்கே ஆறிப்போன காபியோடு சுவரைப் பார்ப்பேன். நல்ல சுவர்தான், ஆனால் பேசாது.

அதனால் தோட்டத்துக் கம்பத்தில் கொடியை ஏற்றினேன். எங்கள் ஊரில் கொடி பறந்தால் வீட்டில் விசேஷம். அக்கம்பக்கம் காபிக்கு வந்துவிடும். வந்தவர்களை விட்டுவிட்டு வீட்டுக்காரி எப்படிப் படத்துக்குப் போவாள்?

பக்கத்து வீட்டு மாக்டா கேக்கோடு வந்தாள். பின்னாலேயே பாதித் தெரு.

"என்ன விசேஷம், வால்டெமார்?"

"அது... கல்யாண நாள்!"

"உங்க கல்யாணத்தன்னிக்குப் பனி கொட்டுச்சே! இது ஜூன் மாசம்!"

சைக்கிளை உருட்டிக்கொண்டு டாக்னி வந்தாள். கொடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கல்யாண நாளை ஞாபகம் வச்சிருந்தா அது வால்டெமாரே இல்ல. கேக்கை எடு மாக்டா, மன்றத்துலயே வெட்டிக்கலாம். எல்லாரும் வாங்க, படம் ஆரம்பிச்சுடும்."

"நானும் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

டாக்னியின் முகம் இளகியது. "இதைக் கேக்க மாட்டியான்னுதான் ஒவ்வொரு புதனும் உனக்கு இடம் புடிச்சு வைக்கிறேன்."

தொப்பியை எடுக்க ஓடினேன்.

"எங்க ஓடுற? கொடி பறக்குது. வீடு பூட்டிக் கிடந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க? ஏத்தினவன்தான் காபி ஊத்தணும்."

"இறக்கிடறேன்!"

"பட்டப்பகல்லயா? நல்லாருக்கு! ஏத்தின கொடியைப் பொழுது சாஞ்சப்புறம்தான் இறக்கணும்."

ஜூன் மாதத்தில், வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில் ராத்திரி பத்து மணிக்குத்தான் பொழுது சாயும். பெரிய பாத்திரம் நிறையக் காபி போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். அழுகை வராத குறை. ஒருத்தரும் வரவில்லை. என் கொடியைப் பார்த்து வந்த தெருவே என் மனைவியோடு படத்துக்குப் போயிருந்தது.