மருமகள் என்னைச் சட்டை பண்ணிய கதை

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இந்த வீட்டில் என்னைத் தவிர அனைவரும் நலம். உன் மூட்டுவலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். தணியாவிட்டாலும் இதைப் படித்துவிட்டு அப்புறம் தைலம் தேய்.

எல்லாம் உன்னால் வந்த வினை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறதென்று எட்டு நாளாகக் கத்தியும் ஒருவரும் காதில் வாங்கவில்லை என்று போனில் புலம்பினேனா, "மனசுல வச்சுக்காம நேர்ல சொல்லிடுங்கண்ணா" என்றாய். சொன்னேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மருமகளை நிறுத்தி, "இந்த வீட்ல யாரும் என்னைச் சட்டையே பண்றதில்லம்மா" என்றேன். அவள் வேற்றுமொழிக்காரி, நம் பையனைக் கட்டிய பிறகு தமிழ் கற்றவள் என்பது அந்த நேரம் பார்த்தா மறந்துபோக வேண்டும்? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "சாரி மாமா, இத்தனை நாள் கேக்காம இருந்துட்டீங்களே! நானே பண்றேன்" என்றாள். "கடையிலயே கிடைக்குமேம்மா" என்று உளறினேன். "அது வாங்கறது மாமா. பண்றது வேற. எனக்குப் புரியுது." "தையல் தெரியுமா?" "தினமும் அஞ்சாறு பேருக்குப் போடறேனே!" அவசர சிகிச்சை டாக்டர் அல்லவா? உன் அருமை மருமகன் சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கிக்கொண்டிருந்தானே தவிர, வாயைத் திறக்கவில்லை.

சொன்னபடியே சட்டை வந்தது. ஒரு கை முழங்கை வரை, மறு கை விரல் வரை. பை வயிற்றின் மேல். தையல் மட்டும் ஏழு ஜென்மத்துக்கும் பிரியாது. ஆசையாகக் கொடுத்தாளே என்று குடியிருப்போர் கூட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். செயலாளர், "என்ன சார், டெய்லருக்கும் உங்களுக்கும் ஏதாச்சும் பகையா?" என்றார். கூட்டமே சிரித்தது. எனக்குள் என்ன புகுந்ததோ, "என் மருமக தச்சதுய்யா!" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவருடையது கிழிந்தது. என்னுடையதில் ஒரு நூல் அசையவில்லை.

விஷயம் கேட்ட மருமகள், "பாவம், அவருக்கும் ஒண்ணு பண்ணிடலாம், அளவு எடுத்துட்டு வாங்க மாமா" என்கிறாள். அந்த ஆள்முன் டேப்போடு போய் நிற்கவா? குழாய் இன்னும் ஒழுகுகிறது. நீ உடனே புறப்பட்டு வந்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிவிட்டுப் போ. என்னால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும், மாமனாராகாமல்.

இப்படிக்கு,
நொந்துபோன அண்ணன்

பி.கு.: வராதே. ஆஸ்பத்திரி நர்ஸ் அர்த்தத்தைச் சொல்லிவிட்டாளாம். "நான் உங்களை மதிக்கலைன்னா சொன்னீங்க, மாமா?" என்று வந்து நின்றாள். உதடு துடித்தது. "சேச்சே, சட்டையைத்தாம்மா கேட்டேன், போட்டுக்க ஒண்ணுகூட இல்ல" என்றுவிட்டேன். பீரோவில் இருந்த பதினேழு சட்டைகளையும் இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். எங்கேயாவது ஒளித்து வை.