ஒக்கலிபுரத்து மை

பெங்களூர்ப் பொது மனுக்கள் அலுவலகத்துக்கு, தன் அப்பா காலத்திலிருந்தே மை கொடுத்து வந்தவர் ஒக்கலிபுரம் சின்னப்பா. சிக்பேட்டையில் சாயப்பொடி வாங்கி அண்டாவில் கரைப்பார். மனைவி எல்லம்மா பழைய சேலையில் வடிகட்டிக் கொடுப்பாள். அந்த மை இரண்டு வருடத்தில் வெளுத்துவிடும். அலுவலகத்திலிருந்து இதுவரை ஒரு புகாரும் வராததால், அதைக் குறையென்று சொல்லலாமா என்பதே சின்னப்பாவுக்குச் சந்தேகம்.

1958-ல் லண்டன் மைக் கம்பெனி ஒன்று ஊருக்குள் நுழைந்தது. அதன் ஏஜென்ட் பெர்னார்ட், டை கட்டிய காக்ஸ் டவுன்காரர், எழுதிய தாளை வாளித் தண்ணீரில் முக்கியெடுத்துக் காட்டினார். ஓர் எழுத்தும் கலங்கவில்லை. சட்டைப் பையில் அந்த மைக்கறை இருந்தால்தான் படித்தவன் என்ற நாகரிகம் குமாஸ்தாக்களிடையே பரவியது. ஒழுகாத பேனா வைத்திருந்தவர்கள் தாங்களாகவே இரண்டு சொட்டு விட்டுக்கொண்டார்கள்.

சூப்பரின்டெண்ட் வெங்கடராமன், ‘நிர்வாக நவீனத்தை முன்னிட்டு’ சின்னப்பாவின் மையை நிறுத்தினார். எல்லம்மா மில் வேலைக்குப் போனாள். தன் மை வெளுத்ததால்தான் பிழைப்பு போயிற்று என்று நினைத்த சின்னப்பா, கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மூன்று வருடம் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்து, அழியாத மை ஒன்றை உண்டாக்கினார்.

அதற்குள் அலுவலகத்தில் பெரிய விபரீதம் நடந்துவிட்டது. ஜீவனஹள்ளி வள்ளியம்மா, ‘ஒரு மாதத்தில் குழாய் போடப்படும்’ என்று அலுவலகம் எப்போதோ எழுதிய கடிதத்தோடு வந்தாள். வழக்கமாக அப்படிப்பட்ட கடிதங்கள் திரும்பி வரும்போது வெள்ளைத் தாளாக இருக்கும். குமாஸ்தா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, இதில் ஒன்றுமில்லையே என்று அனுதாபத்தோடு திருப்பிக் கொடுப்பார். இந்தத் தடவை கம்பெனி மையாகையால், ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று நின்றது. வேறு வழி தெரியாமல் குழாய் போட்டுவிட்டார்கள். அதில் தண்ணீரும் வந்துவிட்டது. மறுவாரம் நானூறு பேர் கடிதமும் கையுமாக வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசையை இடித்துக்கொண்டுதான் சின்னப்பா தன் புது மைப்புட்டியோடு உள்ளே போனார்.

“வெளுக்குமா?” என்று ஆவலாகக் கேட்டார் வெங்கடராமன்.

“வெளுக்கவே வெளுக்காது சார். மூணு வருசம் கஷ்டப்பட்டிருக்கேன்.”

வெங்கடராமன் தலையில் கைவைத்துக்கொண்டார். “யாருய்யா உன்னை நன்னா பண்ணச் சொன்னது? ஆளாளுக்கு நன்னா பண்ண ஆரம்பிச்சுட்டா ஆபீஸ் எப்படி நடக்கும்?”

சின்னப்பா புட்டியை மூடினார். பழைய மைதான் வேண்டும், ஒரு சிட்டிகைகூட மாறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

புது டெண்டரில், ‘மை இரண்டு ஆண்டுகளுக்குள் முற்றிலும் மறையத்தக்கதாக இருத்தல் அவசியம்’ என்று ஒரு ஷரத்து சேர்ந்தது. கம்பெனி சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. லண்டனில் ஏழு விஞ்ஞானிகள் இரவுபகலாக உழைத்தார்கள். அவர்களால் முடிந்த மிக மட்டமான மைகூட பதினாறு வருடம் நிற்கும் என்று சோதனையில் தெரிந்தது. கடைசியில் பெர்னார்டே ஒக்கலிபுரம் வந்து, டையைத் தளர்த்திவிட்டு, ரகசியம் என்னவென்று தாழ்மையாகக் கேட்டார்.

“ரகசியமெல்லாம் கிடையாது சார். எல்லாத்தையும் கொஞ்சம் கம்மியா போடணும், அவ்ளோதான்” என்றார் சின்னப்பா.

பெர்னார்ட் அப்படியே லண்டனுக்கு எழுதினார். ‘கொஞ்சம்’ என்றால் எத்தனை கிராம் என்று அங்கிருந்து கேள்வி வந்தது. அதற்குப் பதில் எழுத முடியாமலே கம்பெனி கடையைக் கட்டியது. சுதேசித் தொழிலின் வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின. சின்னப்பாவுக்கு மாலை போட்டார்கள். எல்லம்மா மில் வேலையை விட்டுவிட்டு வடிகட்ட உட்கார்ந்தாள்.

1964-ல் வெங்கடராமன் ஓய்வு பெற்றார். இரண்டு வருடம் கழித்துப் பென்ஷன் பிரிவில் அவருடைய சர்வீஸ் புத்தகத்தைப் பிரித்தால், கம்பெனி மை ஓடிய மூன்று வருடம் கறுகறுவென்று தெரிந்தது. மற்ற இருபத்தேழு வருடமும் துவைத்த வேட்டிபோல் இருந்தது. மூன்று வருட உத்தியோகத்துக்குப் பென்ஷன் கிடையாது என்றார் குமாஸ்தா. வெங்கடராமன், தன்னைத் தெரிந்தவரென்று சின்னப்பாவைச் சாட்சிக்கு அழைத்து வந்தார். சின்னப்பா யார் என்று கேட்டார்கள். அலுவலகத்துக்கு மை கொடுப்பவர் என்றார். அதற்கான உத்தரவைக் காட்டச் சொன்னார்கள். சின்னப்பா மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தார். குமாஸ்தா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

இருவரும் மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லி, பேனாவையும் மைக்கூட்டையும் நகர்த்தி வைத்தார்கள். வெங்கடராமன் பேனாவை எடுத்தார். சின்னப்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

“சார்,” என்றார் காதோடு, “பென்சில்ல எழுதுங்க.”

எதிர்ச் சுவரில், பென்சிலில் எழுதிய மனுக்கள் ஏற்கப்படமாட்டா என்று ஓர் உத்தரவு தொங்கியது. அடியில் சூப்பரின்டெண்ட் வெங்கடராமன் என்ற பெயர். அச்சடித்ததாகையால், எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை.