செக்கானூரணிக்குள் முடியும் போர்

பஸ் தளபதி என்றோர் இனம் உண்டு. பட்டாளத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. எழுமலையிலிருந்து ஆரப்பாளையம் போகும் காலை பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில், மடியில் டிபன் பையோடு உட்கார்ந்திருக்கும்.

நாம் பார்க்கப்போகிறவர் பெயர் அசோக்குமார். மதுரையில் டைல்ஸ் கடை மேனேஜர். எல்லையில் பதற்றம் என்று செல்போனில் ஒரு வரி வந்தால் போதும். உசிலம்பட்டியில் படை திரட்டி, அடுத்த நிறுத்தத்தில் விமானங்களைக் கிளப்பி, செக்கானூரணியில் எதிரியின் தலைநகரைப் பிடித்து, நாகமலைப் புதுக்கோட்டை வருவதற்குள் கொடியும் ஏற்றிவிட்டு, சாம்பார் ஒழுகுகிறதா என்று பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். நம் பக்கம் இழப்பு? ஒருவர்கூட இல்லை. டிபன் ஆறுவதற்குள் முடிகிற போரில் யார் சாவார்கள்?

இந்த இனத்துக்கு ஆகவே ஆகாத இடம் பார்லிமென்ட். படையை அனுப்புமுன் சபையைக் கூட்டிப் பேச வேண்டும் என்று யாரோ ஓர் எம்.பி. கேட்ட செய்தி வந்த அன்று அசோக்குமாருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"சண்டைக்குப் போறவன் எவனாச்சும் மீட்டிங் போடுவானா? அடிச்சுட்டு வந்து சொன்னாப் போதாதா?"

பஸ்ஸே தலையாட்டியது. அந்த ரோட்டில் எல்லோருக்கும் தலை ஆடத்தான் செய்யும். அதையும் அவர் ஆதரவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

ஆட்டாதவள் ஜன்னலோரத்துப் பாண்டீஸ்வரி. துணிக்கடையில் வேலை. அவள் தம்பி முத்துப்பாண்டி எல்லையில் நிற்கிறான். சீருடையில் அவன் நிற்கும் போட்டோவை அவள் காட்டாத கண்டக்டர் அந்த ரூட்டில் கிடையாது. பதற்றம் என்று செய்தி வந்த நாளிலிருந்து அவன் போன் அணைந்தே கிடக்கிறது. அசோக்குமார் தினமும் படையை நகர்த்தும்போது தம்பியும் சேர்ந்துதான் நகர்கிறான். அவள் அவன் நம்பரை இன்னொரு தடவை அடித்துப் பார்ப்பாள். எதுக்குப் போறாங்க, எம்புட்டு நாளைக்கு என்று நாலு பேர் உட்கார்ந்து கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள். அதெல்லாம் உனக்குப் புரியாது தாயி என்று சொல்லிவிட்டு, அவர் இன்னொரு விமானத்தை அனுப்பினார்.

பொங்கலுக்குத் துணி எடுக்க அவர் மனைவி கனகலட்சுமியும் பஸ் ஏறிய காலை அது. பீரங்கிகள் பாதி வழியில் நிற்க, அசோக்குமாரின் செல்போன் சிணுங்கியது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு அவருடைய செவலைக் காளையின் பதிவு ஏற்கப்பட்டதாம்.

"யாரு பதிஞ்சது? யாரக் கேட்டு?"

"நாந்தேன் பதிஞ்சேன்," என்றாள் கனகலட்சுமி, கடலை உரித்தபடி. "நல்ல மாடு. அவுத்துவிட்டா அதுபாட்டுக்கு ஓடிட்டு வருது."

அவ்வளவுதான், போர் நின்றுபோயிற்று. முன்னங்கால் வீக்கம் வற்றியதா, மாட்டு டாக்டர் பார்த்தாரா, கயிறு பிடிக்கப் போவது யார், ஓடிப்போய்விட்டால் அந்தக் கோடியில் நின்று பிடிப்பவன் யார், திரும்பி வராவிட்டால் எந்த ஊரில் போய்த் தேடுவது என்று அடுக்கிக்கொண்டே போனவர், கடைசியில் சீட்டைவிட்டே எழுந்துவிட்டார்.

"நாலு பேரு உக்காந்து பேசாம, உசுருள்ள ஒண்ண அனுப்பலாமாடி?"

கண்டக்டர் விசில் ஊத மறந்தார்.

"அம்புட்டையும் என் தம்பிக்கும் சேத்துக் கேளுங்கண்ணே," என்றாள் பாண்டீஸ்வரி.

கனகலட்சுமி உரித்த கடலையில் பாதியை ஜன்னல் பக்கம் நீட்டினாள்.

திருந்தினாரா என்கிறீர்களா? இந்த இனம் அத்தனை சுலபத்தில் திருந்துமா? மறுநாளும் உசிலம்பட்டியில் படை திரட்டினார். கிளப்பப் போகும்போது மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, "தம்பி போன் பண்ணுச்சா தாயி?" என்றார். இன்னும் இல்லை என்றாள். அன்றைக்குப் படை உசிலம்பட்டியைத் தாண்டவில்லை.

நமக்கு பஸ்ஸும் இல்லை, காளையும் இல்லை என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் நேற்று டிவி செய்தி ஓடும்போது ரிமோட்டை நீட்டி ஒரு நாட்டையே காலி செய்யச் சொன்னீர்களே, வீட்டில் யாரைக் கேட்டீர்கள்?